கோப்பி மரம் யாருடையது? – உகண்டாவில் சில நாட்கள்

கோப்பி என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது வறுத்த கொட்டையின் வாசனைதான். யாழ்ப்பாணத்து வீடுகளில் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த கோப்பித்தூள் இல்லாமல் ஒரு செத்தவீடும் நடந்ததில்லை, ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலே மிளகுக்கொடிக்கும் கராம்புக்கும் இடையில் இரண்டு மூன்று கோப்பி மரங்கள் தாமாகவே நின்று காய்ப்பதைப் பார்த்திருப்போம். ஆனால் இந்த மரத்தின் தாய்வீடு எது, அங்கே அதை யார் வளர்க்கிறார்கள், யார் பறிக்கிறார்கள், யார் விற்றுக் காசு எண்ணுகிறார்கள் என்று நாம் அதிகம் யோசித்ததில்லை.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கிராமியப் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் பற்றிய செயலமர்வு ஒன்றுக்காக உகண்டா நாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கம்பாலாவில் நான்கு நாள் கூட்டம். பின்னர் மூன்று நாள் களப்பயணம். களப்பயணத்துக்கு எங்கள் குழுவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் நாட்டின் மேற்கே உள்ள கிபாலே என்னும் மழைக்காட்டின் ஓரக் கிராமங்கள். அந்தக் காட்டுக்குள்ளே கோப்பி மரம் யாரும் நடாமல் தானாக வளருகிறது என்று அறிந்தபோது பயணத்தின் மேல் இருந்த ஆவல் இரண்டு மடங்கானது.

தேயிலை மலைகளைத் தாண்டி

கம்பாலாவிலிருந்து போர்ட் போர்டல் நகரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். முபெண்டே வழியாகப் போகும் பாதை நல்ல தார் ரோட்டு. இருபக்கமும் வாழைத் தோட்டங்கள். அங்கே வாழை என்பது பழத்துக்கு மட்டுமான மரமில்லை, அதுவே சோறு. ‘மட்டோக்கே’ எனப்படும் காய்வாழையைத் தோல் சீவி, வாழையிலையில் பொதிந்து அவித்து, மசித்துக் கச்சான் குழம்புடன் பரிமாறுகிறார்கள். அந்த வாழைகளின் நிழலில் நம் நெஞ்சளவு உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை வளர்ந்த கரும்பச்சை மரங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. “எல்லாம் கோப்பி” என்றார் வாகனச் சாரதி.

போர்ட் போர்டலை நெருங்க நெருங்க எனக்கு ஒரு திகைப்பு. பாதையோரக் குன்றுகள் முழுவதும் தேயிலை! ஒரே மட்டமாக வெட்டிய செடிகள், நடுவே தொழிலாளர்கள், தூரத்தில் ஒரு தொழிற்சாலைக் கூரை. நுவரெலியாவில் நிற்பதுபோல இருந்தது. எங்களோடு வந்த பதுளைச் சகோதரி ஒருவர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, “அக்கா, இங்கயும் லயன் இருக்குமா?” என்று கேட்டார். தொழிலாளர் குடியிருப்பு வரிசையொன்று கண்ணில் பட்டதும் அவர் மௌனமாகிவிட்டார்.

அந்தப் பகுதி டோரோ இராச்சியத்தைச் சேர்ந்தது. டோரோ மக்களிடம் ஓர் அழகான வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரைத் தவிர ‘எம்பாக்கோ’ என்னும் அன்புப் பெயர் ஒன்று இருக்கும். பத்துப் பன்னிரண்டு பெயர்களுக்குள் ஒன்றைப் பெரியவர்கள் தேர்ந்து கொடுப்பார்கள். சந்திக்கும்போது முதலில் கேட்பது “உன் எம்பாக்கோ என்ன?” என்றுதான். யுனெஸ்கோ நிறுவனம் 2013இல் இந்த வழக்கத்தை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. விருந்தாளிகளுக்கும் பெயர் சூட்டுவார்கள். எனக்குக் கிடைத்தது ‘அட்யேரி’. மூன்று நாளும் சின்னப் பிள்ளைகள்கூட என்னை அப்படியே அழைத்தார்கள். என் பெயரையும் நாட்டையும் கேட்பதற்கு முன்னரே உறவு தொடங்கிவிடுகிறது.

காட்டின் நிழலில்

கிபாலே 1993இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 800 சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. சிம்பன்சிகளைப் பார்க்க உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். மனிதக் குரங்கு, குரங்கு, தேவாங்கு என்று 13 வகைகள் இங்கே வாழ்கின்றன. கன்யஞ்சு என்னும் இடத்திலிருந்து பூங்காக் காவலர் ஒருவர் எங்களை உள்ளே அழைத்துச் சென்றார். அவர் ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். காட்டு யானைகள் உள்ள இடம் என்பதால் தோளில் துப்பாக்கி, காலில் முழங்கால்வரை சப்பாத்து.

வெளியே வெயில், உள்ளே மாலைநேர வெளிச்சம். தலைக்கு மேலே எவ்வளவு உயரம் என்று சொல்ல முடியாத பெருமரங்கள், அவற்றுக்குக் கீழே நடுத்தர மரங்கள், அதற்கும் கீழே, நம் கைக்கெட்டும் உயரத்தில், சிறிய மரங்களின் ஓர் உலகம். மழைக்காடு மாடிவீடு போன்றது. மேல்மாடிக்கு வெயில், கீழ்மாடிக்கு மிஞ்சிய வெளிச்சம். அந்தக் கீழ்மாடியில் குடியிருப்பதுதான் நான் தேடிவந்த மரம்.

காவலர் நின்று ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். மெல்லிய தண்டு, எதிரெதிராக அமைந்த பெரிய இலைகள், மேற்பரப்பு அலையலையாக, எண்ணெய் பூசியதுபோல் பளபளப்பு, கணுவுக்குக் கணு நாலைந்து சிறு காய்கள், ஒன்றிரண்டு சிவந்திருந்தன. தோட்டத்து மரங்களில் கணுவைச் சுற்றிக் கொத்தாகக் காய்க்கும். காட்டு மரமோ நிழலில் நிற்பதால் சிக்கனமாகவே காய்க்கிறது. பழத்தைப் பறவைகளும் குரங்குகளும் தின்று விதையைப் பரப்புகின்றன. மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் மரம் முழுவதும் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகைபோல மணக்கும், இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும் என்றார் காவலர்.

இதுதான் ரொபஸ்டா கோப்பி. தாவரவியலார் இதைக் கொஃபியா கனெஃபோரா என்பார்கள். மேற்கு ஆபிரிக்காவின் கினியாவிலிருந்து கொங்கோ வழியாக உகண்டா வரை, தெற்கே அங்கோலா வரை உள்ள தாழ்நில மழைக்காடுகள் இதன் தாயகம். வெட்டாமல் விட்டால் பத்து மீற்றர் உயரம் வரை வளரும். கடைகளில் விலை கூடிய அராபிக்கா கோப்பி எதியோப்பிய மலைகளைச் சேர்ந்தது. ஆனால் அந்த அராபிக்காவே பழைய காலத்தில் ரொபஸ்டாவும் இன்னொரு காட்டுக் கோப்பியும் இயற்கையாகக் கலந்து பிறந்த பிள்ளை என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெற்றோரைவிடப் பிள்ளைக்கு மதிப்பு அதிகம்! ரொபஸ்டாவில் கஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் கசப்பும் கூட. உடனடிக் கோப்பித்தூள் போத்தல்களில் பெரும்பாலும் இருப்பது இதுவே. உலகக் கோப்பி உற்பத்தியில் பத்தில் நான்கு பங்கு அளவுக்கு இந்த மரத்தினுடையது.

இன்னொரு செய்தியையும் காவலர் சொன்னார். அராபிக்கா தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கும். ரொபஸ்டா அப்படியில்லை, அயலில் உள்ள வேறொரு மரத்தின் மகரந்தம் வந்தால்தான் காய் பிடிக்கும். தனிமரமாக நட்டால் பலன் கிடைக்காது. ஆகவே காட்டில் ஒவ்வொரு மரமும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டது. ஒன்று வரட்சியைத் தாங்கும், ஒன்று நோயைத் தாங்கும்.

அந்த வேறுபாட்டின் பெறுமதியை உகண்டா மக்கள் அனுபவத்தில் கண்டார்கள். 1993இல் கோப்பி வாடல் நோய் அங்கே தலைகாட்டியது. மண்ணிலிருந்து வேர்வழியாக ஏறும் பூஞ்சணம். இலை மஞ்சளாகி, உதிர்ந்து, மரம் நின்ற நிலையில் காய்ந்துவிடும். மருந்தில்லை, பிடுங்கி எரிப்பதே வழி. அடுத்து வந்த ஆண்டுகளில் நாட்டின் ரொபஸ்டா மரங்களில் ஏறத்தாழப் பாதி அழிந்தன. நோயைத் தாங்கி நின்ற மரங்களைத் தேடிப்பிடித்து, அவற்றிலிருந்து விஞ்ஞானிகள் புதிய வகைகளை உருவாக்கினார்கள். விதையில் குணம் மாறிவிடும் என்பதால் தண்டை வெட்டி வேர்விட வைத்தே கன்று உண்டாக்குகிறார்கள். உலகில் அறியப்பட்ட 124 காட்டுக் கோப்பி இனங்களில் 60 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்கா ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். கிபாலே போன்ற காடு நாளைய கோப்பிக்கு விதைநெல் வைத்திருக்கும் குதிர்.

காட்டைக் காப்பதற்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1992இல் இந்தக் காட்டிலும் அதை ஒட்டிய பகுதியிலும் குடியேறியிருந்த ஆயிரக்கணக்கான மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்றும் காட்டோரத் தோட்டங்களுக்குள் யானை இறங்குகிறது. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் அயல் கிராமங்களுக்குத் திரும்பக் கொடுக்கப்பட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அந்தப் பணத்தில் கட்டிய பாடசாலை அறையைக் காட்டியவர்களே, யானை மிதித்த சோளத்துக்கு அது ஈடாகுமா என்றும் கேட்டார்கள். வாகரையிலும் வவுனியாவிலும் யானையோடு வாழும் நம் மக்களின் கேள்வியும் அதுதானே.

ஒரு பழம், இரண்டு கொட்டை

கோப்பியை வெள்ளைக்காரர் கொண்டுவந்து கொடுத்ததாக நம் நாட்டில் ஒரு நினைப்பு உண்டு. உகண்டாவிலோ ரொபஸ்டா அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் வாழ்வில் இருந்தது. அவர்கள் அதைக் குடிக்கவில்லை, மென்றார்கள். காயை வாசனைப் புற்களோடு அவித்து, உலர்த்தி, சிறு கூடையில் வைத்து, வீட்டுக்கு வருபவருக்கு நீட்டுவார்கள். நாம் வெற்றிலைத் தட்டை நீட்டுவதுபோலத்தான்.

தலைநகரைச் சுற்றியுள்ள புகண்டா மக்களிடம் இரத்த உறவு பூணும் சடங்கு ஒன்று இருந்தது. ஒரு கோப்பிப் பழத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இரண்டு கொட்டைகள் இருக்கும். சகோதரராக விரும்பும் இருவர் தத்தம் வயிற்றில் சிறு கீறல் செய்து, ஆளுக்கொரு கொட்டையைத் தம் இரத்தத்தில் தோய்த்து, மாற்றி விழுங்குவார்கள். அதன் பிறகு ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கக்கூடாது. ஒரே பழத்து இரட்டைக் கொட்டை, பிரியாத உறவின் அடையாளம்.

ஆனால் சகோதரத்துவம் பூண்டவர்கள் ஆண்கள். அடுத்த நாள் கிராமத்தில் கண்டதை விளங்கிக்கொள்ள இது எனக்கு உதவியது.

எங்கள் நாட்டுக்கும் இந்த மரத்துக்கும் உள்ள தொடர்பையும் சொல்லவேண்டும். இலங்கையின் கோப்பித் தோட்டங்கள் அராபிக்கா தோட்டங்கள். மன்னாரிலிருந்து காட்டுப் பாதையில் நடந்தே வந்த தென்னிந்தியத் தமிழர் அவற்றை உருவாக்கினார்கள். வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் அழிந்து, அந்த நிலத்தில் தேயிலை ஏறியது. அதன் பிறகுதான் துருநோயைத் தாங்கும் கோப்பியைத் தேடி உலகம் ஆபிரிக்கக் காட்டுக்குள் போனது. கொங்கோவிலிருந்து எடுத்த கன்றுகளை பெல்ஜிய நாற்றுமேடை நிறுவனம் ஒன்று ‘ரொபஸ்டா’, அதாவது திடமானது என்ற பெயரிட்டு விற்றது. 1900ஐ ஒட்டி அது ஜாவாவுக்குப் போய், ஆசியா எங்கும் பரவியது. நம் வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் தடித்த இலைக் கோப்பி மரத்தின் மூதாதையர் இந்தக் காடுகளைச் சேர்ந்தவர்களே.

படங்கு மேல் காயும் கோப்பி

காட்டை ஒட்டிய கிராமத்தில் நாங்கள் சந்தித்த பெண்கள் குழுவில் 27 பேர். டோரோ பெண்களும், தெற்கு மலைநாட்டிலிருந்து குடியேறிய கீகா பெண்களும் கலந்திருந்தார்கள். வாராவாரம் ஒரு பெட்டியில் சேமிப்பு. பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம். சாவிக்காரர் மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். எங்கள் ஊர்ச் சீட்டுக்கு இப்படியொரு பூட்டு இருந்தால் எத்தனை சண்டை குறைந்திருக்கும் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

நவம்பர் அறுவடைத் தொடக்கம். முற்றமெங்கும் படங்கு விரித்துக் கோப்பிப் பழம் காய்ந்தது. பெண்கள் குனிந்து கையால் கிளறினார்கள். மழை இருட்டினால் ஓடிவந்து மூடினார்கள். சுளகில் போட்டுப் புடைத்தார்கள். தோலோடு காய்ந்த பழத்தை அங்கே ‘கிபோக்கோ’ என்கிறார்கள். அதை மூட்டையாகக் கட்டிக் குற்றும் ஆலைக்காரருக்கு விற்பது வழக்கம். ஏறத்தாழ ஐந்து கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ கொட்டை மிஞ்சும்.

களை பிடுங்குவது யார்? பெண்கள். வாழைச்சருகு கொண்டுவந்து அடியில் மூடுவது? பெண்களும் பிள்ளைகளும். பறிப்பது? பெரும்பாலும் பெண்கள். காயவைப்பது? பெண்கள். கவ்வாத்து வெட்டுவதும் மருந்து அடிப்பதும் ஆண்கள். மூட்டையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய் விற்பதும் ஆண்கள். காசு யார் கையில் வரும் என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வயதான அம்மா தாமாகவே சொன்னார்: “மூட்டை வீட்டு வாசலைத் தாண்டும்வரை அது எங்களுடைய கோப்பி. தாண்டிய பிறகு அது அவருடையது.”

உகண்டாவில் சுமார் 17 இலட்சம் குடும்பங்கள் கோப்பியை நம்பி வாழ்கின்றன. ஐந்தில் நான்கு பங்கு ரொபஸ்டா. பெருந்தோட்டம் மிகக் குறைவு. எல்லாம் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வீட்டுத் தோட்டம். அப்படியானால் ஒவ்வொரு வீட்டின் உள்ளேயும் நடக்கும் பங்கீடுதான் அந்த நாட்டின் கோப்பிப் பொருளாதாரம்.

சமூகவியல் படித்தபோது ‘உழைப்புப் பிரிவினை’ என்று நாங்கள் எழுதிய விடைகளுக்கு இங்கே ஒரு நேரடிப் பாடம் கிடைத்தது. ஆபிரிக்காவின் பல பகுதிகளில் ஆண்டுப் பயிர் பெண்ணுடையது. அவரை, சோளம், வத்தாளை நட அவளுக்குக் காணியில் இடம் உண்டு. ஆனால் மரம் நடுவது வேறு. மரம் நாற்பது ஐம்பது வருடம் நிற்கும். மரத்தை நட்டவருக்கு அதன் கீழுள்ள மண்ணிலும் உரிமை இருப்பதாக ஊர் கருதும். ஆகவே கணவன் வீட்டுக் காணியில் ஒரு பெண் தன் பெயரில் கோப்பிக் கன்று நட்டால், அது காணிக்கு உரிமை கோருவது போலாகும். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம். சொந்தம் கொண்டாட முடியாது.

இன்னொரு பழக்கம் மனத்தை உறுத்தியது. வீட்டில் அவசரத் தேவை வந்தால் மரம் பூத்திருக்கும்போதே விளைச்சலை வியாபாரியிடம் விற்றுவிடுகிறார்கள். ‘பூவை விற்பது’ என்றே அதற்குப் பெயர். பூத்து, காய்த்து, பழுக்க ஒன்பது முதல் பதினொரு மாதம் ஆகும். அதுவரை களை பிடுங்குவதும் பின்னர் பறித்துக் கொடுப்பதும் வீட்டுப் பெண்தான். ஆனால் பழுத்த பிறகு ஒரு சதம் வராது. பல வேளைகளில் பூ விற்கப்பட்ட செய்தியே வியாபாரியின் ஆள் சாக்கோடு முற்றத்துக்கு வரும்போதுதான் அவளுக்குத் தெரியும்.

2024ஆம் ஆண்டு ரொபஸ்டாவுக்குப் பொற்காலம். வியட்நாமில் வரட்சி, உலகச் சந்தையில் விலை பல பத்தாண்டுகளில் காணாத உயரம் போய், தொன் 5,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. கிராமத்துக்கு நல்லதுதானே என்றேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விலை குறைந்திருந்தபோது மரத்தைத் திரும்பிப் பார்க்காதவர்களும் இப்போது மரத்தை எண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். இரவில் காவல் இருக்கவேண்டியிருக்கிறது என்றார் இன்னொருவர்.

இரண்டு விதவைகள்

அந்தக் குழுவில் அடுத்தடுத்து அமர்ந்திருந்த இரண்டு பெண்களின் கதையை அவர்கள் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

முதலாமவருக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் 2020இல் காலமானார். நாலு பிள்ளைகள், 140 கோப்பி மரங்கள். இறுதிச் சடங்கு முடிந்த சில நாளில் கணவரின் சகோதரர்கள் வந்து, மரங்கள் தங்கள் குலத்துக்குரியவை என்றார்கள். அவர் ஒரு மடித்த கடதாசியை எடுத்து வந்தார். கணவர் உயிரோடு இருந்தபோதே இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டு, கிராமத் தலைவர் சாட்சியமிட்ட உடன்படிக்கை. காணியும் மரமும் இருவருக்கும் உரியவை. ஒருவர் இறந்தால் மற்றவரே பராமரிப்பார் என்று அதில் இருந்தது. சகோதரர்கள் சத்தம் போட்டார்கள், பின்னர் போய்விட்டார்கள். இந்த அறுவடையில் வந்த காசில் மூத்த மகளைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்.

மற்றவர் அதே ஊர்க்காரி. வயதும் ஏறத்தாழ அதே. பதினான்கு வருடம் ஒருவருடன் குடும்பம் நடத்தி மூன்று பிள்ளைகள் பெற்றார். சீதனமாடு கொடுக்கும் சடங்கும் நடக்கவில்லை, தேவாலயப் பதிவும் இல்லை. அங்கே சீதனம் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுப்பது என்பதை வாசகியர் கவனிக்கவும். கணவர் இறந்ததும், “நீ யார்?” என்று கேட்டார்கள். அவர் கையால் நட்ட மரங்களில் இப்போது மைத்துனர் பறிக்கிறார். அவரோ அயலாரின் மரங்களில் நாட்கூலிக்குப் பழம் பறிக்கிறார். “பறிக்கப் போகும் வழியில் என் மரங்களைப் பார்த்துக்கொண்டுதான் போவேன், மகளே” என்று அமைதியாகச் சொன்னார். அவரைவிட நான் மூன்று நான்கு வயதுதான் இளையவள். ஆனால் அந்த ‘மகளே’ எனக்குப் பொருத்தமாகவே தோன்றியது.

சட்டம் என்ன சொல்கிறது? உகண்டாவின் பழைய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் ஆண் ஒருவர் இறந்தால் மனைவிக்கு 15 சதவீதமே கொடுத்தது. பெண் உரிமை அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இப்பிரிவுகள் பாரபட்சமானவை என்று செல்லாதாக்கியது. ஆனால் அவற்றின் இடத்துக்குப் புதிய சட்டம் வர 2022ஆம் ஆண்டு வரை பொறுக்க வேண்டியிருந்தது. புதிய திருத்தத்தின்படி ஆணோ பெண்ணோ இறந்தால் துணைக்கு 20 சதவீதம், பிள்ளைகளுக்கு 75 சதவீதம். வாழ்ந்த வீட்டிலிருந்து துணையை வெளியேற்றுவது குற்றம். 1998இன் காணிச் சட்டமும், குடும்பம் வாழ்ந்து பிழைக்கும் காணியைத் துணையின் சம்மதமின்றி விற்கக்கூடாது என்கிறது. எல்லாம் நல்லவை. ஆனால் இவை யாவும் சட்டம் ஏற்கும் திருமணத்துக்கே. பதிவோ சடங்கோ இல்லாமல் கூடி வாழும் பெண்ணுக்குச் சட்டப்படி பெயரில்லை. இரண்டாவது சகோதரி விழுந்த பள்ளம் இன்னும் மூடப்படவில்லை.

காகிதத்தில் ஒரு மரம்

முதலாமவருக்கு அந்தக் கடதாசி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். ஒரு பயிற்சியில் மரம் வரையப் போய் அது கிடைத்தது என்றார்.

தெற்கே கசேசே மாவட்டத்தில் புகொன்சோ ஜொயின்ட் என்னும் கோப்பிக் கூட்டுறவு அமைப்பினர் பயன்படுத்திப் புகழ்பெற்ற முறை இது. எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் செய்யலாம். பெரிய தாளில் ஒரு மரம் வரைய வேண்டும். அடிமரத்தில் கணவன், மனைவி, பிள்ளைகளின் உருவம். அடிமரத்தின் இருபுறமும் யாருக்கு என்ன சொத்து. வேர்களில் யார் என்ன வேலை செய்கிறார், யார் என்ன சம்பாதிக்கிறார். கிளைகளில் யார் எதற்குச் செலவு செய்கிறார். ஒரு பக்கம் பெண், ஒரு பக்கம் ஆண், நடுவில் இருவரும் சேர்ந்தது. கணவனும் மனைவியும் கூடி வரைய வேண்டும்.

எங்களுக்காக ஒரு தம்பதியர் வரைந்து காட்டினார்கள். வரைய வரையப் பெண்ணின் பக்கத்து வேர் தடித்துக்கொண்டே போனது: தண்ணீர், விறகு, சமையல், பிள்ளை, களை, பறிப்பு, உலர்த்தல். சொத்துப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கோழியும் இரண்டு பானையும். ஆணின் கிளையில் மதுக்கடைப் போத்தல் ஒன்று வரையப்பட்டதும் கூட்டம் சிரித்தது; அவரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். “ஒரு பக்க வேர் மட்டும் பருத்த மரம் காற்றுக்குச் சரியும்” என்று அவரே சொன்னார். வெளியூரிலிருந்து வந்து யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. தன் கையால் வரைந்த படம் சொன்னதால் சண்டைக்கு இடமிருக்கவில்லை.

படத்தோடு நின்றுவிட்டால் அது விளையாட்டு. அடுத்து, எதை மாற்றுவது என்று இருவரும் முடிவு செய்து குறிக்கிறார்கள். அவர்கள் குறித்தவை: பூவை விற்பதில்லை, தேவை வந்தால் சேமிப்புப் பெட்டியில் கடன் எடுப்பது, மூட்டை விற்கப் போகும்போது இருவரும் போவது, காணி உடன்படிக்கையில் இருவர் பெயரும் எழுதுவது. முதலாவது சகோதரியைக் காப்பாற்றிய கடதாசி இப்படி எழுதப்பட்டதுதான். எல்லா வீட்டிலும் இது நடந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. 27 பேரில் 11 பேர் வீட்டில்தான் இரு பெயர்க் கடதாசி இருந்தது. மற்றவர்களின் கணவர்மார் இன்னும் ‘யோசிக்கிறார்கள்’.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது

இதைப் படிக்கும்போது “அங்கே அப்படி, இங்கே நாம் படித்தவர்கள்” என்று எண்ண வேண்டாம். மலையகத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கொழுந்தெடுத்த பெண்ணின் சம்பளத்தைக் கணவரோ தகப்பனாரோ போய் வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்துக்குட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள சீதனக் காணியையும் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாது. போருக்குப் பின்னர் கணவரின் மரணப் பதிவும் காணி உறுதியும் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய சகோதரிகளோடு நானும் நடந்திருக்கிறேன். கடதாசி இல்லாத பெண்ணைப் பார்த்து “நீ யார்?” என்று கேட்கும் குரல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

ஆகவே வாசகியருக்கு மூன்று வேண்டுகோள். உங்கள் திருமணப் பதிவு எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பதிவில்லாவிட்டால் அதை நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக் காணியின் உறுதி யார் பெயரில், அதில் நீங்கள் எங்கே என்று கேட்டறியுங்கள், கேட்பது குற்றமில்லை. மூன்றாவதாக, உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெரிய தாளும் நாலு நிறப் பென்சிலும் கொண்டுபோய் உங்கள் வீட்டு மரத்தை வரைந்து பாருங்கள். இயன்றால் வீட்டுக்காரரையும் அழைத்துச் செல்லுங்கள்.

கிபாலேக் காட்டில் பெருமரங்களின் நிழலில் நிற்கும் அந்தச் சிறுமரத்துக்கு வெயில் குறைவாகத்தான் கிடைக்கிறது. அதை அது பொறுத்துக்கொள்ளும்; அதன் இயல்பு அது. பெண்ணுக்கு நிழலில் நிற்பது இயல்பு என்று யாரும் சொன்னால் மட்டும் நம்பவேண்டாம்.